நூலைக் கடிக்காத மாதங்கள்

ஒரு மணப்பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்து முடித்து, வழக்கம்போல் நூலை முன்பல்லால் கடித்தேன். நூல் அறுந்தது. கூடவே, தலைக்குள் யாரோ குச்சியை ஒடித்ததுபோல் ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. நாக்கால் தொட்டபோது மேல்வரிசை முன்பல் ஆடியது.

அது ஏற்கெனவே பழுதுபட்ட பல். கல்லூரி நாட்களில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அடிபட்டு, வேர் சிகிச்சை (பல்லின் உள்ளிருக்கும் நரம்பை அகற்றி அடைப்பது) செய்து உறை போட்டிருந்தார்கள்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே பல் மருத்துவமனை. மருத்துவர் என்னைவிட இளையவர். பல் உடைந்த விதத்தைக் கேட்டதற்கு, "எதையோ கடிச்சேன்" என்று மட்டும் சொன்னேன். பழைய சிகிச்சைகளையும் விசாரித்துவிட்டு, "என்ன வேலை பாக்குறீங்கக்கா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் என் கணவர், "வீட்லதான் டாக்டர் இருக்கா" என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம். என் கணவர் கப்பலூர் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போவது வேலை. நான் முன்னறையில் நாள் முழுக்க ரவிக்கை தைப்பது, வீட்டில் இருப்பது.

ஸ்கேன் படத்தில் மருத்துவர் ஒரு மெல்லிய வெள்ளைக் கோட்டைக் காட்டினார். "பல் ஈறுக்குக் கீழ குறுக்க உடைஞ்சிருக்கு. காப்பாத்த முடியாது. ஆனா இந்தக் கோடு இருக்கு பாருங்க, இது பல்லுக்கு முன்பக்கம் இருக்கற எலும்புச் சுவர். முட்டை ஓடு கனம்தான் இருக்கும். இப்போதைக்கு முழுசா இருக்கு. இது கரைஞ்சா ஈறும் மேல ஏறிரும். அப்புறம் எவ்வளவு நல்ல பல் வச்சாலும் நீளமா, ஒட்டாமத் தெரியும்."

"அம்புட்டு மெல்லிசா டாக்டர்?" என் கணவர் படத்தை நெருங்கிப் பார்த்தார். "இதை வச்சுக்கிட்டா இவ தீபாவளி முறுக்கு அம்புட்டையும் நொறுக்குனா?"

நான் இரண்டு நாள் யோசித்தேன். பாலம் (இருபக்கப் பற்களைத் தேய்த்து, அவற்றின்மேல் மாட்டும் செயற்கைப் பல்) சீக்கிரம் முடியும். ஆனால் குற்றமில்லாத இரண்டு பற்களைத் தேய்க்க வேண்டும். அதன் அடியில் எலும்பும் சுருங்கிக்கொண்டே போகும். பல்லை எடுத்த அன்றே இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைப்பது என்று முடிவு செய்தேன். அது மட்டுமே எலும்பைக் காத்துவிடாது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. எடுக்கும் விதமும், வைக்கும் இடமும், அதன் பிறகான பொறுமையும் சேர்ந்தால்தான் அந்தச் சுவர் நிற்கும்.

அவர் பல்லைக் குறடால் பிடுங்கவில்லை. முன்சுவரில் பலம் படாதபடி வேரைத் துண்டாக்கி, மெதுவாக எடுத்தார். திருகை அண்ணத்தின் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் பதித்து, சுவருக்கும் திருகுக்கும் இடையே விட்ட இடத்தில் எலும்புத் துகள் (புது எலும்பு வளரப் பிடிமானம் தரும் பொருள்) நிரப்பினார். தையலுக்குத் துணி விட்டு வெட்டுவதுபோல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மேலே ஒரு தற்காலிகப் பல். "இது கண்ணுக்கு மட்டும்தான்க்கா. எலும்பு திருகைப் பிடிக்கற வரைக்கும் இதால எதையும் கடிக்கக் கூடாது."

நாங்கள் உணவை மட்டுமே நினைத்தோம். என் கணவர் கொய்யாப்பழத்தைக் கண்ணாடிபோலச் சீவித் தந்தார். சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்து, "குழையட்டும், பொறு" என்று தட்டை என் கைக்குத் தராமல் வைத்திருப்பார்.

சில வாரங்கள் கழித்து ஒரு பிற்பகல். அவசரமாகக் கேட்ட ரவிக்கை. கொக்கி முடிந்தது. கை பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோக, பல் கடித்துவிட்டது. தற்காலிகப் பல் அசைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை மறுபடி கிளப்பினார்.

"என்னத்தைக்கா கடிச்சீங்க?"

"நூலு."

"நூலா? அதை எதுக்குக் கடிச்சீங்க?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "டெய்லர் டாக்டர் இவ. நான்தான் அன்னைக்கு வீட்ல இருக்கான்னு சொல்லிப்புட்டேன். எங்க ஏரியாவுல பாதிக் கல்யாணம் இவ தச்ச ஜாக்கெட்டோடதான் நடக்குது."

"அப்பவே சொல்லியிருந்தா மாத்திரையோட ஒரு கத்தரியும் எழுதியிருப்பேன்ல சார்!"

சிரித்துக்கொண்டே அவர் படம் எடுத்தார். தளர்ந்தது மேலிருந்த பல்தான். அடியிலுள்ள திருகு அசைந்ததாகத் தெரியவில்லை. "ஆனா எலும்பு என்ன சொல்லுதுன்னு பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார். பல்லை இன்னும் குட்டையாக்கிப் பொருத்தினார்.

அன்று மாலை என் கணவர் சிறிய கத்தரி ஒன்றைப் பாவாடை நாடாவில் கோத்து என் கழுத்தில் மாட்டினார்.

"என்னங்க இது, இன்னொரு தாலியா?"

"அது எனக்காக. இது ஒன் பல்லுக்காக. கழட்டுன, நானே பக்கத்துல உக்காந்து நூலை வெட்டுவேன்."

காத்திருந்த மாதங்களில் நான் ஒன்று கற்றேன். என்ன சாப்பிடுகிறோம் என்பதை மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. நம் உடல் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் வேலை என்று எண்ணாத வேலையையும்.

அடுத்த ஸ்கேனில் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. எலும்பு திருகைப் பிடித்திருந்தது. நிலையான பல் பொருத்திய அன்று, மருத்துவமனை வரவேற்பு மேசையில் யாரும் கேட்காமலே என் கணவர், "என் சம்சாரம் டெய்லருங்க" என்றார்.

அந்தப் பல்லில் எனக்குக் கூச்சமோ வலியோ இல்லை. அதன் முன்னாலிருக்கும் சுவரை நான் உணரவும் முடியாது. ஆனாலும் கொக்கி தைத்து முடித்ததும் என் கை இன்றும் நூலோடு உதடுவரை வருகிறது. அங்கே ஒரு கணம் நிற்கிறது. பிறகு கழுத்துக்கு இறங்கி, கத்தரியைத் தேடுகிறது.