கல்யாணத்துக்குப் போன சஹன்கள்

நஸீமா தாத்தா மௌத்தான செய்தி, ஒரு காலையில் நான் நூதனசாலையின் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது வந்தது. "உம்மா சுபஹு தொழுதிட்டுப் படுத்தவ, எழும்பேல்ல மாமா" என்றாள் அவருடைய மகள். நான் அழுதேன்தான். ஆனாலும் நோயில் கிடக்காமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனதை நினைத்தால் மனம் ஆறுகிறது. யன்னல்களைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஜனாஸாவுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். உடப்பு என்ற இந்துக் கிராமத்துக்காரனான நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவுக்கு வந்தவர் அவர். தன்னைப் போல வந்த குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த சாமான்களையும், இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் சாமான்களையும் ஒரு பழைய கூட்டுறவுக் கடையின் இரண்டு அறைகளில் சேர்த்துப் பார்வைக்கு வைத்தார். அதுதான் எங்கள் நூதனசாலை. அரச உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய நான் இலக்கம் போடவும் விபரம் எழுதவும் சேர்ந்துகொண்டேன். பல வருடங்கள் ஒன்றாக வேலை செய்தோம், பாதி நாள் சண்டையோடு.

சண்டைக்குக் காரணம் ஒன்றுதான். தந்த குடும்பம் எப்போது கேட்டாலும் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். கல்யாணமோ கோயில் திருவிழாவோ வந்துவிட்டால் எங்கள் அலுமாரித் தட்டுகளில் பாதி காலி. "இது நூதனசாலையா, வாடகைக் கடையா?" என்று ஒருமுறை கத்தியே விட்டேன். அவர் சிரித்தார். "வாடகைக் கடையெண்டா சாமான் கடைக்காரன்ட. இது அவங்கட சாமான் தம்பி. நாங்க பாத்துக்கொண்டிருக்கம், அவ்வளவுதான்."

ஒருநாள் அந்தக் கதை எங்கள் தலைக்கே வந்தது. கட்டடத்தை வேறு தேவைக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அவர் மனம் வைத்தால்தான் எங்களுக்கு அந்த இரண்டு அறைகளும். நான் ஒரு கிழமையாகத் தூசு தட்டினேன். வருகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால், எங்களிடம் இருந்தவற்றிலேயே சிறந்த பன்னிரண்டு சஹன்களையும் காணோம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய செப்புத் தட்டுகள் அவை. உரிய குடும்பத்தில் கல்யாணமாம், கனமூலைக்குப் போய்விட்டனவாம்.

"இன்டைக்கா தாத்தா குடுக்கணும்?"

"அப்ப கல்யாணத்தை ஒத்திவைக்கச் சொல்லவா?"

அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். காலியான மேசையைப் பார்த்து, "பொருட்கள் எங்கே?" என்று கேட்டார். தாத்தா கொஞ்சமும் தடுமாறவில்லை. "வேலைக்குப் போயிருக்கு மாத்தயா. வாங்க, காட்டுறன்" என்று சொல்லி அவருடைய வாகனத்திலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கல்யாண வீட்டில் அதிகாரியையும் என்னையும் ஆண்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தாத்தா உள்ளே பெண்கள் பக்கம் போய்விட்டார். இது நூதனசாலைப் பொருள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். அத்தாட்சி இருந்தது. நான் இலக்கம் எழுதியது சஹனின் அடிப்பக்கத்தில், மேலே ஆறு பேருக்கான புரியாணி. "சாப்பிட்டு முடிச்சாத்தான் பாக்கலாம் சேர்" என்றேன். அவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எங்களோடு ஒரே சஹனில் இருந்த பெரியவர், மன்னாரை விட்டு வரும்போது அந்தத் தட்டுகளைப் பாயில் சுற்றி வள்ளத்தில் ஏற்றியதையும், பாரம் கூடிப்போனதென்று உடுப்பு மூட்டையை இறக்கிவிட்டு இவற்றைக் கொண்டுவந்ததையும் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நான் எழுதி வைத்திருந்த விபரமோ 'செப்புத் தட்டு, பன்னிரண்டு' என்பது மட்டும். எனக்கு வெட்கமாகப் போயிற்று. முடிந்ததும் கழுவித் திருப்பினோம். என் கையெழுத்தில் இலக்கம் இருந்தது. அதிகாரி அதைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டு, இனிப்புக்கு வந்த வட்டிலப்பத்தில் இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டார்.

கட்டடம் எங்களுக்கே கிடைத்தது. ஒழுகிய கூரையையும் திருத்தித் தந்தார்கள். திரும்பி வரும் வழியில் தாத்தா கேட்டது ஒன்றுதான்: "இறச்சி பதமா இருந்திச்சா தம்பி?"

போன கிழமை கல்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் குடும்பம் தந்த கடைசல் தொட்டில்தான் இன்று எங்களிடம் உள்ளவற்றில் அழகானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதலில் ஓடுவது அதனிடம்தான். தங்கைக்கு இது பேறு மாதமாம். "தாத்தாவும் மௌத்தாயிட்டா. இனிக் குடுப்பீங்களோ எண்டு பயந்து பயந்துதான் வந்த" என்றாள்.

தாத்தா இருந்த காலமென்றால் நான் சண்டைக்குக் கிளம்பியிருப்பேன். இப்போது நான் மறுத்தாலும் தடுக்க யாருமில்லை, முடிவு என்னுடையது. ஆனால் யோசிப்பதற்கு முன்னமே வாயில் வந்துவிட்டது: "ஓம் பிள்ளை, கொண்டு போங்க."

தொட்டிலை அவள் வந்த வான் வண்டியில் ஏற்றிக் கட்டிக் கொடுத்தேன். அந்தக் குடும்பம் விரும்பினால் அது திரும்பி வரட்டும், விரும்பாவிட்டால் அங்கேயே ஆடட்டும். நஸீமா தாத்தாவின் நூதனசாலையில் எதுவும் எங்களுடையதல்ல. அந்த 'ஓம்' மட்டும் அவர் எனக்கே எனக்கென்று தந்தது. அதை யார் வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.