அத்தானின் ரயர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கறாச்சில் கார்களுக்கு ரயர் மாற்றுவது என் வேலை.

போன தை மாதம் பலெர்மோவில் உறவினர் கலியாணம். அது முடிந்ததும் அக்கா, அத்தான், நான் மூவரும் வாடகைக் காரில் சிசிலித் தீவைச் சுற்றப் புறப்பட்டோம். மலைப்பாதையில் பனி கொட்டத் தொடங்கியது. கோப்பி குடிக்க நிறுத்தியபோது ரயரைப் பார்த்தேன்.

“அத்தான், இது கோடை ரயர், ஸ்னோவிலை வழுக்கும். மேலை போகவேண்டாம்.”

“உது ஒரு ஸ்னோவே? முப்பது வருசமா ரொறன்ரோ 401 ஹைவேயிலை ஓடுறன். அஞ்சாம் வகுப்புக்காரர் எனக்குப் படிப்பிக்க வந்திட்டார்!”

நான் திரும்பவும் காரில் ஏறினேன். அதுதான் நான் செய்த பிழை.

அடுத்த வளைவில் கார் வழுக்கிச் சுழன்று, பள்ளத்தின் விளிம்பிலிருந்த கல்லில் இடித்து நின்றது. பின்சீற்றில் என்னோடிருந்த அக்காவின் கதவுக்குக் கீழே நிலமே இல்லை. என் பக்கத்தால் அவளை இழுத்தெடுத்தேன். ரொறன்ரோ வந்ததும், தான் பிறேக் பிடித்துத்தான் எல்லாரும் தப்பியதாக அத்தான் சொல்லித் திரிந்தார்.

முன்பெல்லாம் அவர் வீட்டுக்கே போய், பனிக்காலத்துக்கான வின்ரர் ரயர் மாற்றிக் கொடுப்பேன். நேற்று அவரை கறாச்சுக்கு வரச்சொல்லி, வரிசையில் கடைசியாக நிற்க வைத்தேன். பிறகு எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

“அத்தான், இப்ப காரிலை கிடக்கிறது கோடை ரயரோ, வின்ரர் ரயரோ? பாத்துச் சொல்லுங்கோ.”

“கோடை ரயர்,” என்று முணுமுணுத்தார்.

“கேக்கேல்லை, அத்தான்.”

இனி ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். அவர் உரத்துச் சொல்லும்வரை நான் ஜாக்கியைத் தொடமாட்டேன்.

எழுதியது: முதல் பனி விழுந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.