கலக்கியில் கட்டிய செம்புக் கம்பி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செல்லூரில் ஒற்றை ஆளாக எட்டு விசைத்தறிகளை நிறுவி ஓடவிட்டேன். எரிந்துபோன மோட்டார்கள் எத்தனைக்கு மறுபடி கம்பி சுற்றி உயிர் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றில் தண்ணீர் மாடிக்கு ஏறாது என்று இரண்டு இஞ்சினியர்கள் கைவிட்ட பிறகு ஏற்றிக் காட்டியதும் நான்தான். அப்படிப்பட்டவனுக்கு இந்த இங்கிலாந்தில் இன்னும் பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு. இங்கே ஒரு பொருள் ஆட்டம் கண்டால் நேரே குப்பைக்குப் போகிறது. கட்டிப் பார்ப்பதே கிடையாது.

பல்கலைக்கழக வேதியியல் கூடத்தில் எனக்குப் பழுது பார்க்கும் வேலை. ஒருநாள் ரசாயனம் கலக்கும் கண்ணாடிக் கலக்கி ஒன்று துடுப்பு கழன்று வந்தது. வீச மனம் வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த செம்புக் கம்பிச் சுருளில் ஒரு சாண் வெட்டி, பளபளவென்று சுரண்டி, ஏழு சுற்று இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் பேராசிரியர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஹூ டிட் திஸ்?" என்றார். செல்லூர்ப் பட்டறையில் முதலாளி "எவன்டா இதைச் செஞ்சது?" என்று கேட்டால், செய்தவன் உட்பட எல்லோருக்கும் ஒரே பதில்தான். அதையே இங்கும் சொன்னேன்: "நாட் மீ, சார்." அவர் சிரித்தபடி போய்விட்டார். ஏன் திட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் அங்கே ஆராய்ச்சி செய்யும் மேலூர்க்காரர் ராசு.

"அண்ணே, ஒரு பொருள்ல கார்பனும் ஹைட்ரஜனும் ஒட்டிக்கிட்டிருக்கிற இடம் அம்புட்டு இருக்கும். அதுல ஒரே ஒரு இடத்துல நைட்ரஜனை நுழைக்கணும். இம்புட்டு நாளும் கண்ட இடத்துல நுழைஞ்சுச்சு. யாரோ கம்பி கட்டவும் சரியா இடம் பாத்து உக்காந்திருச்சு. எல்லாம் செம்பு செஞ்ச வேலை."

"செம்பும் அதுக்குள்ளயே போயிருச்சா?"

"இல்லண்ணே. சேத்துவிட்டுட்டு விலகிக்கிரும்."

"தரகன் மாதிரியா?"

"தரகன் கமிசன் கேப்பான். இது அதுவும் கேக்காது."

"அதைக் கட்டினது நான்தான்யா."

"என்னண்ணே நீங்க! கட்டுனது யாருன்னு தெரியாம, தற்செயலா கலந்த செம்புன்னு கட்டுரை எழுதிட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா, ஊர்க்காரனுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நினைப்பாரு பேராசிரியர்."

போனேன். "காப்பர். மீ, சார். மை காப்பர்," என்றேன். பேராசிரியர் தலையாட்டினார். மேசை இழுப்பறையைத் திறந்து, அந்த ஒரு சாண் கம்பியை உறையில் போட்டு, நன்றி சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். கம்பியைத் திருப்பிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

அந்த உறை இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் கொண்டுவந்தது பாதிச் சுருள்தான். மறுபாதி செல்லூரில் ஒரு தறி மோட்டாருக்குள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே யார் சுற்றியது என்று கேட்டுப் பாருங்கள், என் பெயரைச் சொல்வார்கள். இங்கே அதே கம்பிக்குத் தற்செயல் என்று பெயர். தற்செயலுக்கு ஏழு சுற்றுச் சுற்றத் தெரியுமா? செம்பு எதுவும் கேட்காமல் விலகிக்கொள்ளலாம். நான் விலக மாட்டேன். கட்டுரை அச்சாவதற்குள் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு என் பெயரை எழுதட்டும்.