நாற்பதாம் அதிகாரத்துக்குப் பிறகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கொழும்புப் பத்திரிகையொன்றுக்குக் கண்டியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மடவளை ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடைக்கு மேலே எனது அறை. வார நாட்கள் நீதிமன்றத்திலும் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலும் கழிந்தன. ஞாயிறு பின்னேரம் மட்டுமே எனக்கென்று மனிதர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் வாரம் ஒரு வீடாகக் கூடி வேதம் வாசிப்பார்கள். வட்டமாக இருந்து ஆளுக்கொரு வசனம். பிறகு தேநீர், ஊர்ப்பேச்சு.

அந்த ஆண்டு ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம். நாற்பதாம் அதிகாரத்தை வாசித்து முடித்தபோது, புதிய ஆய்வுநூல்களில் வாசித்ததைச் சொன்னேன். முப்பத்தொன்பதாம் அதிகாரம்வரை வந்தது எருசலேமில் இருந்த ஏசாயாவின் எழுத்து. நாற்பதிலிருந்து வருவது, பல தலைமுறைகள் கழித்துப் பாபிலோனில் சிறையிருந்த, பெயர் தெரியாத ஒருவருடையது. முன்பகுதியில் அசீரியரைப் பற்றிய பயம். பின்பகுதியில் பிற்காலத்தில் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேஸின் பெயரே வருகிறது. ஒரு செய்தியை இருவர் எழுதியிருந்தால் எங்கள் தொழிலில் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

"பேப்பர்காரர் ஏசாயாவுக்கும் ரெண்டு ரிப்போட்டரை வைச்சிட்டார்," என்றார் ஓர் ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம்.

வாசிப்பை நடத்திய முதியவர் சிரிக்கவில்லை. ஆதித் திருச்சபையின் உரைகாரர்களுக்குக் கோரேஸ் என்ற அந்தப் பெயர்தான் அத்தாட்சி என்றார். பிறக்காத அரசனைப் பெயர்சொல்லிக் கூப்பிடக் கடவுளால் மட்டுமே முடியும்.

"அப்ப முன்கூட்டியே சொல்லேல்லை எண்டுறீரோ, தம்பி?"

"இல்லை ஐயா. அந்தக் காலத்திலை இருந்த ஆள்தான் எழுதியிருக்கிறார்."

"என்ரை மகனை அடக்கம் பண்ணேக்கை இந்த அதிகாரந்தான் வாசிச்சது," என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அன்று யாரும் தேநீருக்கு நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு என் அறையின் முறை. கடையிலிருந்து கதிரைகள் இரவல் வாங்கி வட்டமாகப் போட்டேன். வெயில் தணியும்வரை ஒருவரும் வரவில்லை. கதிரைகளை எடுக்க மேலே வந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றார்.

"மழைக்குப் பயந்திருப்பாங்க ஐயா," என்றார்.

வானத்தில் மேகமே இல்லை. கதிரைகளை நாளைக்கு எடுக்கலாம் என்று இறங்கிப் போனார்.

நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அன்று கதவைச் சாத்தாமல், நாற்பத்தோராம் அதிகாரத்தின் முதல் வசனத்தை உரக்க வாசித்தேன். பழக்கத்தில், பக்கத்துக் கதிரைக்காக நிறுத்தினேன். கீழே கடையில் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது வசனத்தையும் நானே வாசித்தேன்.