துடைப்பத்தைப் பிடுங்கிய நர்ஸம்மா

செல்வராணி நர்ஸம்மா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகளின் மாமியார். போனில் அழுதுகொண்டே, "நம்ம நர்ஸம்மா போயிட்டாங்க சம்பந்தி, தங்கமான மனுஷி" என்றாள். நம்ம நர்ஸம்மாவாம்! பத்து வருஷத்துக்கு முன்னால் அவரை இவள் என்ன சொன்னாள் என்பதை நான் மறக்கவில்லை. அவரை அறிந்த நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வருஷம் பூலாம்பாடிப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் களை எடுத்தேன். களையில் பாதி பார்த்தீனியம். ஒரு மாதத்துக்குள் கண்ணிமை வீங்கியது. கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து தடித்து நீர் வடிந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டியூபைத் தடவினால் நாலு நாள் அடங்கும், பிறகு முன்னைவிட எரியும். ஊர் அதற்குள் பெருவியாதி, தொழுநோய்தான் என்று பேர் வைத்துவிட்டது. குடத்தில் நான் தண்ணீர் மொள்ளக் கூடாது. கூட வேலை செய்பவள் மேலிருந்து ஊற்ற, கையேந்திக் குடிக்க வேண்டும். யார் யார் அப்படி ஊற்றினார்கள் என்று இன்றைக்கும் பேர் சொல்வேன்.

அதையும் பொறுத்தேன். மகள் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். பேத்தி பிறந்ததும் சம்பந்தியம்மாள் வந்து நின்று, "பச்சப்புள்ளைய அவங்க தொட்டாங்கன்னா, இப்பவே தூக்கிட்டுப் போயிடுவோம்" என்றாள். என் வீட்டில், என் பேத்தியை, நான் வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளையைப் பெற்ற என் மகளும் எனக்காக வாய் திறக்கவில்லை. அதுவும் நினைவிருக்கிறது.

பிள்ளையை எடை போட வந்த நர்ஸம்மா, "பாட்டி ஏன் வெளியில நிக்கிறாங்க?" என்று கேட்டார். காரணம் சொன்னார்கள். என்னை வெயிலுக்கு இழுத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரவிக்கை மூடுன எடத்துல ஒண்ணுமே இல்லியே அக்கா. வெளியேருந்து என்னமோ படுது."

"களைக்குப் போயி மூணு வாரமாச்சு சிஸ்டர். இன்னும் அடங்கல."

அவர் கண் சுவரோரம் போனது. காய்ந்த பார்த்தீனியத்தைக் கட்டி வாசல் பெருக்குவது எங்கள் தெரு வழக்கம். பையிலிருந்த பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, அங்கே சாத்தியிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினார்.

"வயக்காட்டுல வுட்டுட்டு வர வேண்டியத வூட்டுக்குக் கொண்டாந்து, தெனம் காலையில மூஞ்சில தூவிக்கிறீங்களே அக்கா! எரிக்காதீங்க, பொகையும் ஆகாது. குழி வெட்டிப் பொதைங்க."

எனக்கு வெட்கம் வந்தது. சம்பந்தியம்மாளுக்குக் கோபம் வந்தது. "ஊசி போடுற பொம்பளைக்கு வியாதியப் பத்தி என்னா தெரியும்?"

"நான் டாக்டர் இல்லம்மா. பெரம்பலூர்ல தோல் டாக்டர் இருக்காரு, அவரே சொல்லட்டும்" என்றார் நர்ஸம்மா. "பெருவியாதியாவே இருந்தாலும் மாத்திரை இருக்கு. பெத்தவளோட அம்மாவ வாசல்ல நிறுத்துற புத்திக்குத்தான் மாத்திரை இல்ல."

மறுநாள் அவரே என்னைப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். டாக்டரும் அதையே சொன்னார்: செடியால் வந்த அலர்ஜி, ஒட்டாது. பழைய டியூபைக் குப்பையில் போடச் சொல்லி வேறு களிம்பு எழுதினார். சொன்ன நாள் வரைக்கும் மட்டும் தடவினேன். நர்ஸம்மா தன் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார். "கழுத்துப் பட்டன் வரைக்கும் போடுங்க. வந்ததும் குளிச்சிட்டு இத தனியா அலசுங்க. ஒடம்பு அந்தச் செடிய மறக்காது அக்கா, நீங்களும் மறக்காதீங்க."

பேத்தி பிறந்த முப்பதாம் நாள் சம்பந்தியம்மாள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். 

அடக்கத்துக்கு நர்ஸம்மாவின் ஊரான ஏலாக்குறிச்சிக்குப் போனோம். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து சம்பந்தியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். குனிந்து காதில் கேட்டேன்: "ஊசி போடுற பொம்பளைக்கா இம்புட்டு அழுவ?"

அழுகை நின்றது. "தெரியாமச் சொல்லிட்டேன் சம்பந்தி."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அந்தா படுத்திருக்காங்க, அவங்ககிட்ட சொல்லு. காது கேக்கும்போது சொல்லியிருக்கணும்."

அந்தச் சட்டைக்கு இரண்டு தடவை காலர் மாற்றித் தைத்துவிட்டேன். இன்னும் அதைப் போட்டுத்தான் களைக்குப் போகிறேன். இடுப்பில் ஒரு பாலிதீன் கவரும் செருகியிருப்பேன். எந்த வாசலில் பார்த்தீனியத் துடைப்பத்தைப் பார்த்தாலும் கேட்காமல் பிடுங்கிவிடுவேன். அடக்கம் முடிந்து திரும்புகிற வழியில் ஒன்றைப் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினேன். அது சம்பந்தியம்மாள் வீட்டு வாசலில் இருந்தது.