பாம்புச்செவி ஆடிய ஆட்டம்

கண்பார்வை முழுசாகப் போனபோது அவள் ஒரு துணி ஆலையில் தையல் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தாள். பார்வையோடு வேலையும் போயிற்று. கணவன் குழாய் ரிப்பேர்க்காரன். காலையில் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். பகலெல்லாம் வீட்டில் ரேடியோவும் அவளும்தான்.

அவள் தம்பி ஞாயிறுதோறும் சைக்கிள் கடை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சங்கத்துக்குப் போவான். மிஷின்களைப் பிரித்து மேய்கிறவர்களும் கேம் ஆடுகிறவர்களும் கூடுகிற இடம் அது. ஒருநாள் அக்காவையும் கூட்டிப்போனான். அங்கே இருவர் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், "இப்ப இடது பக்கம் நின்னவன் குதிச்சான், இல்ல?" என்றாள்.

ஆடியவன் கை அப்படியே நின்றது. "எப்படிக்கா தெரிஞ்சுது?"

"குதிக்கறதுக்கு முன்னாடி சட்டை படபடங்குதே."

அன்றைக்கே கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். 'பாம்புச்செவி' என்று பேரும் வைத்தாயிற்று. எந்நேரமும் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்ததால் 'புகை' என்று பேர்வாங்கிய ரேடியோ மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். அவர் அந்த கேமின் வயிற்றைக் கிழித்து உள்ளே ஒரு சத்தத்தைச் சேர்த்தார். எதிராளி நெருங்க நெருங்க டிக்டிக் வேகமாகும். அவ்வளவுதான், அவள் கை பேச ஆரம்பித்துவிட்டது.

கணவனுக்கு இதெல்லாம் பொம்மைச் சண்டை. ஆனாலும் அவள் முகம் தெளிந்து வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பெரிய போட்டி வந்தபோது, "இந்த ஒரு தடவை நீங்களும் வாங்களேன்" என்று அவள் கேட்டாள். தட்ட முடியவில்லை.

நடுவர் ஆரம்பத்திலேயே முட்டுக்கட்டை போட்டார். "புதுசா சேர்த்த சத்தம் கூடாதுங்க. எல்லாருக்கும் கேம் ஒரே மாதிரி இருக்கணும்."

புகை சண்டைக்கு எழுந்தார். "விடுங்கண்ணா, ஞாயமாத்தானே சொல்றார்" என்றாள் அவள். "காலடிச் சத்தம் இருக்குல்ல, போதும்."

காலையில் அரங்கம் பாதி காலி. அவள் வரிசையாக ஜெயித்தாள். இறுதி ஆட்டத்துக்குள் கூட்டம் நெருக்கியடித்தது. விசில், கூச்சல், பெஞ்சில் தாளம். ஹெட்ஃபோனையும் மீறி எல்லாம் காதுக்குள் புகுந்திருக்க வேண்டும். முதல் சுற்றில் அவள் மரம் மாதிரி நின்று அடிவாங்கித் தோற்றாள். கணவன் அவள் நாற்காலிப் பக்கம் நகர்ந்தான். வா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது எதிராளி எழுந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற சின்னப் பெண். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "அவங்களுக்குக் கேக்கணும்."

முன்வரிசை அடங்கியது. பிறகு ஒவ்வொரு வரிசையாக. பெஞ்சின்மேல் நின்றவர்கள் பூனை மாதிரி இறங்கினார்கள். யாரோ ஒருவனின் போன் அலற, அவன் அதை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு வெளியே ஓடினான். மின்விசிறி முனகுவது மட்டும் கேட்டது.

இரண்டாம் சுற்று தொடங்கியது. கணவன் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் அசைவதே தெரியவில்லை. ஓரக்கண்ணில் தெரிந்த திரையில் உதை வருமுன் அவள் உருவம் குனிந்திருந்தது. எதிரி தரையைத் தொடுமுன் அடி விழுந்தது. சாலை கடக்கத் தன் கையைப் பிடித்துக்கொள்கிறவளா இவள்? இத்தனை பெரிய உலகத்தை எங்கே வைத்திருந்தாள்?

அந்தச் சுற்று அவளுக்கு. மூன்றாவதில் மயிரிழையில் தோற்றாள். அதன்பிறகு எழுந்த ஆரவாரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருந்துக்கடைப் பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, ரெண்டாவது சுத்துல ஜெயிச்சேனே, ஒருத்தர்கூட கைதட்டலையே?"

"சத்தம் வந்தா உனக்கு இடைஞ்சல்னு, எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினாங்கம்மா. கடைசி வரிசைவரைக்கும்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். நானும்."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுவருடம் புகையின் டிக்டிக் சத்தத்தைத் தேவைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று நடுவரே அறிவித்தார். பார்வையில்லாத இன்னும் சிலர் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவனும் மாடியேறிப் போகிறான். அவளோடு ஆடி, மூச்சுவிடுவதற்குள் தோற்றுப்போகிறான். சிலசமயம் கண்ணை மூடிக்கொண்டு அவள் கேட்பதைக் கேட்டுவிடப் பார்ப்பான். அவனுக்குக் கேட்பதெல்லாம் வெறும் இரைச்சல்தான்.