வார்ம்-அப் மட்டும் பார்ப்பவர்

நடுவர் விசிலை வாயில் வைத்ததும் அவர் எழுந்துவிடுவார். அதுவரை கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்வதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவனாக ஓடிவந்து, எகிறி, பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போவான். மறிக்க ஆளில்லை, இடிக்க ஆளில்லை, பந்தைப் பிடுங்க ஆளில்லை. அந்த நேரத்தில் எவனும் சூரன்தான். அந்தச் சூரத்தனத்தைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, உண்மையான ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் படியேறி கேண்டீனுக்குப் போய், டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

ஏன் சார் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "மேட்ச் பாத்தா கண்ணு கெட்டுப்போயிடும்ங்க. ஸ்கோரு, கூச்சல், ஜெயிக்கிறது, தோக்கிறதுன்னு எல்லாம் குறுக்கே வந்து மறைக்கும். ஒருத்தனோட பொட்டென்ஷியல் இருக்குதே, அது வார்ம்-அப்லதான் சுத்தமாத் தெரியும்."

பொட்டென்ஷியல் என்கிற சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லமாட்டார். கண்ணை லேசாக மூடி, வாயில் கற்கண்டு கரைகிறமாதிரிச் சொல்வார். ஒரு பெயின்ட் கம்பெனி நடத்தும் கூடைப்பந்து அணிக்கு அவர் மேனேஜர். யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரைக் கழற்றிவிடுவது எல்லாம் அவர் கையில். ஆட்டமே பார்க்காத மனிதர் ஆட்டக்காரர்களின் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருந்தார். அணியும் அதற்கேற்றபடி பல வருடங்களாகப் புள்ளிப் பட்டியலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தோற்ற ஒவ்வொரு நாளும் உடை மாற்றும் அறைக்கு வந்து, வியர்வை சொட்ட உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "விடுங்கப்பா, அடுத்த சீசன் பாருங்க" என்பார். பையன்கள் அவருக்கு 'அடுத்த சீசன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "டேய், அடுத்த சீசன் வர்றாரு, முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கோ" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் துண்டுக்குள் சிரிப்பார்கள்.

வீட்டிலும் மனிதர் இதே மாதிரிதான். கூடத்தில் ஒரு மாடிப்படி உண்டு, மாடி கிடையாது. படி நேராக மேலே போய்க் கூரையில் முட்டி நிற்கும். பிற்பாடு மாடி கட்டும்போது சௌகரியமாக இருக்குமே என்று முன்கூட்டியே போட்ட படி. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அந்தப் படிகளில் வெங்காயக் கூடை, இஸ்திரிப் பெட்டி, மடித்த துணி, பழைய பேப்பர் என்று அடுக்கி வைத்திருக்கிறாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று வந்தவர்கள் கேட்டால், "யாருமில்லீங்க, மாடி வரப்போவுது. எங்க வீட்ல எல்லாமே வரப்போற சாமான்தான்" என்பாள். கணவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுவார். மகளுக்கு ஷூ வாங்கினால் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார். அந்தப் பெண் காலை இழுத்து இழுத்துப் பள்ளிக்கூடம் போகும். கால் வளர்ந்து ஷூ பொருந்துகிற சமயத்தில் ஷூ வாயைப் பிளந்துவிடும்.

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் மொட்டு பட்டான். பூங்காவில் தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். மேனேஜர் அவன் விரல்களைப் பிடித்து விரித்துப் பார்த்து, "இது மொட்டுங்க, விரியும் பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததில், அவனுடைய சொந்தப் பேரே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. வந்து நாலு வருடம் ஆகிறது. மீசை முளைத்துவிட்டது. மேனேஜர் மட்டும் இன்னும் "விரியும், விரியும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையன் மேல் குற்றமில்லை. கை அவனுக்கு மின்னல்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் பந்து அவன் சொன்னபடி கேட்கும். ஆனால் அவன் ஆடவேண்டிய இடம் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்து, நீ இங்கே நில், நீ அங்கே ஓடு, பந்து இவனுக்கு என்று மற்ற நாலு பேரையும் மேய்த்து ஆட்டத்தையே நடத்துகிற வேலை. அதற்குக் கையோடு தொண்டையும் வேண்டும். மொட்டு மைதானத்துக்குள் வாயே திறக்கமாட்டான். யாராவது முறைத்தால் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். வார்ம்-அப்பில் யாரும் யாரையும் மேய்க்கவேண்டியதில்லை, யாரும் முறைக்கவும் மாட்டார்கள். அதனால் இந்த விஷயம் மேனேஜருக்குத் தெரிய வழியே இல்லாமல் போயிற்று.

மேய்க்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தவர் கேப்டன். முப்பத்து நாலு வயசு, குட்டை, வலது முழங்காலில் எப்போதும் ஒரு பட்டி. பந்தை எறிகிற அழகைப் பார்த்தால் குப்பையைக் கொட்டுகிறமாதிரி இருக்கும். ஆனால் அந்தக் குரலுக்கு அரங்கத்தின் கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அணி பட்டியலின் அடியில் போய் விழாமல் நடுவிலாவது உட்கார்ந்திருந்தது அந்தக் குரலின் புண்ணியத்தில்தான். முழங்காலை ஆட்டத்துக்காகப் பத்திரப்படுத்தவேண்டும் என்பதால் வார்ம்-அப்பில் அவர் ஓடமாட்டார். ஓரமாக நடப்பார், யாரையாவது கிண்டல் செய்வார், சும்மா இரண்டு தடவை பந்தை எறிந்து தவறவிடுவார். மேனேஜர் இத்தனை வருடமும் கேப்டனிடம் பார்த்தது இவ்வளவுதான். "அந்த ஆளு வேலைக்கே வர்றதில்லீங்க, வாக்கிங் வர்றாரு" என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்தும் இருந்தார்.

அந்த வருடம் கேப்டனின் ஒப்பந்தம் முடிந்தது. அதே சமயம் மொட்டுவின் மாமா வந்து, முதல் ஆட்டக்காரனுக்குரிய சம்பளம் கொடுத்தால் பையன் இருப்பான், இல்லாவிட்டால் வேறு அணி காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி கொடுப்பது ஒரே ஒரு பெரிய சம்பளம். அதோடு சேர்ந்தது கம்பெனிக் குடியிருப்பில் ஒரு வீடு. கேப்டனின் குடும்பம் அந்த வீட்டில்தான் இருந்தது. மனைவி பக்கத்துத் தெரு மருத்துவமனையில் நர்ஸ், மகள் எதிர்த் தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. சம்பளம் போனால் வீடு போகும், வீடு போனால் எல்லாமே இடம் மாறவேண்டும்.

முதலாளி அறையில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். முதலாளி, மேனேஜர், கோச். கோச் ஒரு காலத்தில் நன்றாக ஆடிய பெண்மணி, பூசி மெழுகத் தெரியாதவர்.

"மொட்டு நல்ல பையன் சார். கேப்டன் பக்கத்துல இன்னும் ரெண்டு வருஷம் நின்னான்னா கத்துக்குவான். இப்பவே தலையில தூக்கி வெச்சா விழுந்துடுவான்" என்றார் கோச்.

"மேடம் இன்னைய கணக்கு பாக்கறாங்க" என்று மேனேஜர் முதலாளி பக்கம் திரும்பினார். எதிராளிக்குப் புரிகிற பாஷையில் பேசி ஆளைக் கவிழ்ப்பதில் மனிதர் கில்லாடி. "சார், உங்களுக்குத் தெரியாததா? பிரைமர் அடிச்ச சுவரைப் பாத்துட்டு வீடு நல்லாயில்லன்னு சொல்லுவாங்களா? மேல கலர் ஏறணும்ல?"

"நாலு வருஷமா பிரைமர்தான் அடிச்சுட்டு இருக்கோம் சார்" என்றார் கோச்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மொட்டுவின் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். பெயின்ட் என்றதும் அவருக்கு மனசு இளகிவிடும், பாவம்.

கேப்டனிடம் விஷயத்தைச் சொல்லும் வேலையை மேனேஜர் தானே எடுத்துக்கொண்டார். தன் அறைக்குக் கூப்பிட்டு, மின்விசிறியைக் கூட்டிவைத்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கேப்டன் முழங்கால் பட்டியைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? என் மேட்ச் ஒண்ணாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

"என்னப்பா இப்படிக் கேட்டுட்ட? ஒரு வார்ம்-அப் விட்டிருப்பேனா நான்?"

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபிறகு, மகளுக்குப் பரீட்சை முடிகிறவரை வீட்டில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.

"வீடு மொட்டுக்கு வேணுமேப்பா."

"அவனுக்கு எதுக்கு சார் மூணு ரூம் வீடு? ஹாஸ்டல்ல இருக்கான், ஒத்தை ஆளு."

"இன்னைக்கு ஒத்தை ஆளு. நாளைக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை பொறக்கும். எல்லாத்தையும் யோசிக்கணும்ல?"

பெண்ணே பார்க்காத ஒருவனின் பிறக்காத பிள்ளைக்காக, பிறந்து வளர்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அந்த மனிதர் வீட்டைவிட்டுக் கிளப்பினார். அதில் அவருக்குத் துளிக் கூச்சமும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். மனைவி படியிலிருந்து இரண்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அந்தக் குழந்தை இனிமே எந்த ஸ்கூலுக்குப் போகும்ங்க?" என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேப்டனைக் குறைந்த சம்பளத்துக்கு வேறொரு அணி எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் அந்த அணியோடு ஒரு ஆட்டம் வந்தது. அன்றைக்கென்று முதலாளி நேரில் வந்து மேனேஜரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். வார்ம்-அப்பில் மொட்டு அமர்க்களப்படுத்தினான். பந்து அவன் கால்களுக்கிடையே, முதுகுக்குப் பின்னால், விரல்நுனியில் எங்கெங்கோ போய்வந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மேனேஜர் முதலாளியின் தொடையைத் தட்டித் தட்டிச் சிவக்கவைத்தார். விசில் ஊதியதும் பழக்கதோஷத்தில் எழுந்தார். "எங்க போறீங்க? உக்காருங்க" என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

அன்று அவர் கண்ட காட்சியை வேறு எந்த அணியின் மேனேஜரும் கண்டிருக்கமாட்டார். எதிரணியில் நின்ற கேப்டன் தன் புது ஆட்களைப் பார்த்து, "இடது! எல்லாரும் இடது!" என்று கத்தினார். மேனேஜருடைய ஆட்களும் இடது பக்கம் ஓடினார்கள். "பின்னால வா!" என்றார் கேப்டன். இரண்டு அணியும் பின்னால் போயிற்று. இத்தனை வருடம் அந்தக் குரலுக்கே ஓடிப் பழகிய கால்கள், சட்டை நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை. கோச் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியும் பிரயோசனமில்லை. கத்தவேண்டிய மொட்டுவோ உதட்டைக் கடித்துக்கொண்டு பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிகிற சமயத்தில் அவனை இரண்டு பேர் மூலையில் மடக்கினார்கள். "இங்க வாங்கடா, இங்க!" என்று கேப்டன் தன் ஆட்களைக் கூப்பிட்டார். மொட்டு திரும்பிக்கூடப் பார்க்காமல், எப்போதும் சிக்கிக்கொண்டால் செய்வதுபோல, அந்தக் குரல் வந்த திசையில் பந்தை எறிந்துவிட்டான். பந்து கேப்டன் கையில் போய் அழகாக உட்கார்ந்தது. கேப்டனே ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டுத்தான் அதை முன்னால் தள்ளிவிட்டார். அரங்கம் கொல்லென்று சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. "நம்ம பசங்க ஏன்யா அந்த ஆளு சொல்றதையெல்லாம் கேக்கறாங்க?" என்றார்.

"அதைத்தான் சார் கவனிக்கணும்" என்றார் மேனேஜர். "சொன்னதும் டக்குனு புடிச்சுக்கறாங்க பாருங்க. பொட்டென்ஷியல்."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுந்து காருக்குப் போய்விட்டார்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே, அழுக்குத் துண்டு போடும் கூடைமேல் மொட்டு உட்கார்ந்திருந்தான். மேனேஜரைக் கண்டதும் எழுந்தான். நாலு வருடத்தில் அவன் அவரிடம் இத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

"சார், என்னால முடியல சார். எனக்குக் கத்த வராது. கேப்டன் அண்ணனையே திரும்பக் கூப்பிடுங்க. அந்த வீட்டை அவருக்கே குடுத்துடுங்க, சம்பளத்தையும் குடுங்க. எனக்குப் பழைய சம்பளம் போதும். அவர் பக்கத்துல நின்னாத்தான் சார் நான் கத்துக்குவேன். பயமா இருக்கு சார்."

சொல்லும்போதே குரல் உடைந்து, கண்ணீர் மூக்குநுனியிலிருந்து சட்டையில் சொட்டியது. கோச் சொன்னதைத்தான் பையனும் சொன்னான். ஒரு "சரிப்பா" சொல்லியிருந்தால் கேப்டனுக்கு வீடு கிடைத்திருக்கும், பையனுக்கு வழி கிடைத்திருக்கும், மேனேஜருக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்.

மேனேஜர் அவன் இரண்டு தோளையும் பிடித்து, சுவரோரமாக நகர்த்தி நிமிர்த்தி நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு சற்றுப் பின்னால் போய் நின்றுகொண்டு, அழுகிற அந்த முகத்தைத் தாண்டி, அவன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், அவன் வளர்ந்து எட்டப்போகிற வெற்றுச் சுவரைப் பார்த்து, முகமெல்லாம் மலரச் சிரித்தார்.